ஒருத்தரே ஓட்டலாமா?

அத்தியாயம் 17

மேஜைமேல் மூன்று பெட்டிகள் இருந்தன. சாயங்காலம் ஏழு மணிக்குக் கேமராக் கடைக்காரர் போன் செய்வார். எது வேண்டும் என்று அதற்குள் முடிவு செய்து, மற்ற இரண்டையும் கீறல் படாமல் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்லிக் கொடுத்ததே பழகிய தோஷத்துக்காக.

பழைய ட்ரோன் போன வாரம் ஏரியோடு போயிற்று. கரையோரத்து மனைகளை மேலிருந்து படம் எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கிளையில் இடித்து, ஒரு குட்டிக்கரணம் போட்டு, தண்ணீரில் விழுந்து, இரண்டு குமிழி விட்டு அடங்கிவிட்டது. காற்று என்றான் தம்பி. காற்றேதான் என்றார் கடைக்காரர். காற்று என்று அக்காவும் தலையாட்டினாள்.

காற்று இல்லை என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

அந்தத் தெருவில் எல்லாருக்கும் அவள் அக்கா. தபால்காரருக்கு அக்கா. அவளைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரான எதிர்வீட்டுத் தையல்காரரும் கூச்சமில்லாமல் அக்கா என்பார். அதே முறையில் அவள் தம்பி தெருவுக்கே தம்பி. நாற்பத்தெட்டு வயது, முன்தலையில் முடி இல்லை, ஆனாலும் தம்பி. அவன் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவள், அவள் டீச்சர். மூன்றே பேர் இருக்கும் அந்த வீட்டில் பெயர்களுக்கு வேலையே இல்லாமல் போயிருந்தது.

கீழ்த்தளத்தில் அக்காவும் ஆபீஸும். மாடியில் தம்பியும் டீச்சரும். அக்காவுக்கு ஒரு கல்யாணம் நடந்ததும், நாலே வருஷத்தில் அது முடிந்து அவள் இந்தக் கீழ்த்தளத்துக்குத் திரும்பி வந்ததும் பழைய கதை.

விற்பனைக்கு வந்த வீடு, கட்டி முடியாத கட்டடம், ஒழுகுகிற கூரை, இவற்றையெல்லாம் ஆகாயத்திலிருந்து படம் பிடித்துக் கொடுப்பது அவர்கள் தொழில். அதற்கு அவர்களாக ஒரு முறை வைத்திருந்தார்கள். தம்பி குனிந்து திரையைப் பார்ப்பான். அக்கா பக்கத்தில் நின்று, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வானத்தைப் பார்ப்பாள். பத்து விநாடிக்கு ஒரு தரம் "கண்ணுல இருக்கு" என்பாள். கம்பி குறுக்கிட்டால் "கம்பி" என்பாள். ஒன்பது வருஷத்தில் தம்பி தான் ஓட்டுகிற ட்ரோனை நிமிர்ந்து பார்த்ததில்லை. ட்ரோன் மேலே இருக்கும்போது அக்கா திரையை எட்டிப் பார்த்ததில்லை.

ஏரிக்கரையில் மட்டும் மூன்று விநாடி கண்ணை எடுத்தாள்.

பறக்கிற நேரத்தில் தம்பியின் போன் அவள் கையில்தான் இருக்கும். யாராவது கூப்பிட்டால் அவள்தான் பேசுவாள். அன்று அது டிங் என்றது. டீச்சருடைய அண்ணனிடமிருந்து செய்தி. 'ஒண்ணாம் தேதி சாவி கிடைச்சுடும். ரெண்டு பேருக்கு வீடு தாராளம்.'

எந்த ஊர், என்னத்துக்கு, எத்தனை நாளைக்கு, எதுவும் அதில் இல்லை. எத்தனை பேர் என்பது மட்டும் இருந்தது.

நிமிர்ந்தபோது ட்ரோன் கிளையில் இருந்தது.

அதற்கப்புறம் ஆறு நாள் ஆயிற்று. அவனாகச் சொல்லுவான் என்று பார்த்தாள். அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

*

தம்பிக்கு எதையும் கட்டம் போட்டால்தான் புத்தி ஓடும். துணி துவைக்கிற மெஷின் வாங்கியபோதும் கட்டம், வீட்டுக்கு வண்ணம் அடித்தபோதும் கட்டம். கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று அந்தக் காலத்தில் போட்ட கட்டம் ஒன்றை டீச்சர் பீரோவுக்குள் கண்டுபிடித்தாள். அதில் 'கோபம்' என்ற இடத்துக்கு நேரே 'நிறைய' என்று எழுதியிருந்ததாம். எழுதினது தப்பில்லை என்று காட்டுவதற்காக அன்று முழுக்க அவனோடு பேசவில்லை.

இன்றைக்கும் ஸ்கேலை வைத்துக் கோடு இழுத்துக்கொண்டிருந்தான். மூன்று ட்ரோன்களுக்கும் பெட்டியில் போட்டிருந்த பெயர்கள் எண்ணும் எழுத்துமாக வாயில் நுழையவில்லை. அக்கா வேறு பெயர் வைத்துவிட்டாள்.

மடக்கினால் உள்ளங்கைக்குள் அடங்குகிற முதலாவது, சிட்டு. கால் கிலோவுக்கும் குறைவு. கேமராவை நெட்டாகத் திருப்பி, போனில் பார்க்கிற மாதிரி படம் எடுக்கும்.

இரண்டாவது எருமை. எடை நாலு மடங்கு. சுற்றிலும் ஆறு கண். இரண்டு லென்ஸ், அதில் ஒன்று தூரத்துக் கூரையின் ஓடுகளை இங்கிருந்தே எண்ணிவிடும். கிளம்புகிற சத்தத்தில் தெருநாய்கள் எழுந்து நின்றன.

மூன்றாவது நாய்க்குட்டி. விசிறிகளைச் சுற்றிக் கூண்டு மாதிரி வலை. ரிமோட்டே வேண்டாம், போன் போதும். உள்ளங்கையிலிருந்து கிளம்பும், உள்ளங்கையிலேயே வந்து உட்காரும். ஒருத்தரைக் காட்டிவிட்டால் அவர் பின்னாடியே வரும்.

எடை, பறக்கும் நேரம், காற்றுக்குத் தாங்குமா, படம் எப்படி, முட்டாமல் ஒதுங்குமா என்று ஐந்து கட்டம் போட்டான். அக்கா டீயை மேஜைமேல் வைத்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆறாவதாக ஒரு கோடு இழுத்தான். மேலே எழுதினான்: 'ஒருத்தரே ஓட்டலாமா?'

ஒன்பது வருஷத்தில் மூன்று ட்ரோன் வாங்கிவிட்டார்கள். இந்தக் கேள்வி ஒரு தரமும் வந்ததில்லை.

சிட்டுக்கு நேரே 'ஓரளவு' என்று எழுதினான். எருமைக்குக் 'கூடாது'. கடைக்காரரே சொல்லிவிட்டார், ஓட்ட ஒருத்தர், மேலே பார்க்க ஒருத்தர் இல்லாமல் அதைக் கிளப்பவே கூடாது என்று. நாய்க்குட்டிக்கு நேரே 'தாராளமா' என்று எழுதினான்.

தாராளம் என்பது அந்தக் குடும்பத்துக்கு இப்போது ரொம்பப் பிடித்துவிட்ட வார்த்தை போலிருக்கிறது.

ஆறாவது கட்டம் எதற்கு என்று கேட்டாள். சும்மாதான் என்றான். நாளைக்கே தனக்கு ஜுரம் கிரம் என்று வந்தால் அவளும் ஓட்டிப் பழகியிருக்க வேண்டாமா என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. டீயைப் பார்த்துச் சொன்னான். ஜுரத்துக்காக எந்த மனுஷன் ஸ்கேல் வைத்துக் கோடு போடுவான்?

*

வேனை அக்காதான் ஓட்டினாள். ஊருக்கு வெளியே மூடிக் கிடந்த அட்டைப்பெட்டித் தொழிற்சாலை ஒன்று விற்பனைக்கு வந்திருந்தது. அதைப் படம் எடுத்துக் கொடுப்பதாகப் பழைய ட்ரோன் உயிரோடு இருந்தபோதே ஒப்புக்கொண்டிருந்தார்கள். மூன்றையும் அங்கேயே பறக்கவிட்டுப் பார்ப்பது என்று ஏற்பாடு.

பெரிய முற்றம். சிமெண்டுத் தரையின் விரிசல்களில் புல். லாரி வந்து நிற்கும் மேடை. ஒரு பக்கம் கூரைத்தகடு காற்றில் எழும்பி எழும்பித் தட்டிக்கொண்டிருந்தது.

முதலில் எருமை. இதைப் பழைய முறைப்படியே ஓட்டினார்கள். தம்பி குனிந்தான், அக்கா நிமிர்ந்தாள். கூரைக்கு மேலே நல்ல காற்று. அந்தக் காற்றில் அது ஆணி அடித்த மாதிரி நின்றது. முப்பது நிமிஷத்துக்கு மேலேயும் பேட்டரி மிச்சம். இரண்டு புகைபோக்கிக்கும் நடுவே ஓடிய ஒல்லிக் கம்பியை மட்டும் அதன் ஆறு கண்ணும் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். சொன்னாள். அவன் ஒதுங்கினான். எல்லாம் எப்போதும் போலவே இருந்தது. அந்த அரை மணி நேரம், பெரிசாக எதுவும் நடக்கப் போவதில்லை என்று கூட அவளுக்குத் தோன்றிவிட்டது.

அடுத்ததாகச் சிட்டை எடுத்து ரிமோட்டில் தன் பழைய போனை மாட்டி, ஏதோ இரண்டு மூன்று பொத்தானைத் தட்டி, அவள் கையில் கொடுத்தான். நீயே ஓட்டு என்றான். நான் பக்கத்தில் இருக்க மாட்டேன், இருந்தால் சொல்லிக் கொடுத்துவிடுவேன் என்றான். அப்படியே கேட்டைத் தாண்டி வெளியே போய்விட்டான்.

ஓட்டத் தெரியாது என்றில்லை. ஏற்றுவது, இறக்குவது, திருப்புவது எல்லாம் அவளுக்குத் தெரியும். சிட்டு விருட்டென்று மேலே போயிற்று. கூரை உயரம் தாண்டியதும் காற்றில் நடுங்கியது. காய்ச்சல் கண்ட குழந்தை மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. அக்கா அதையே பார்த்தாள். பத்து விநாடி ஆயிற்று.

"கண்ணுல இருக்கு" என்றாள்.

பக்கத்தில் யாருமில்லை. வாய் பாட்டுக்குச் சொல்லிவிட்டது. அவளே தனக்குள் சிரித்துக்கொண்டாள். அப்புறமும் பத்து விநாடிக்கு ஒரு தரம் வந்துகொண்டேயிருந்தது. நிறுத்திப் பார்த்தாள், கை தடுமாறியது. சரி, சொல்லிக்கொண்டே போகலாம், யார் கேட்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். 'கம்பி' என்று அவளே சொன்னாள். அவளே ஒதுக்கினாள்.

இருபத்திரண்டாவது நிமிஷம் பேட்டரி கத்தியது. இறக்கினாள்.

தம்பி உள்ளே வந்து நேரத்தைக் குறித்துக்கொண்டான். ரிமோட்டிலிருந்து போனைக் கழற்றி அதையே அவள் கையில் கொடுத்து, நாய்க்குட்டியை உள்ளங்கையில் வைத்தான். நீ நட, அது வரும் என்றான். அதற்குள் அவன் போன் அடித்தது. மறுபடியும் கேட்டுக்கு வெளியே போனான்.

போனில் பேசும்போது கையை விரித்து அளவு காட்டுவது அவன் வழக்கம். எதிரே இருப்பவருக்குத் தெரியாது என்று எத்தனை தரம் சொன்னாலும் போகாது. கேட்டுக் கம்பிகளுக்கு நடுவே அக்கா பார்த்தாள். ஒரு கையை அகலமாக நீட்டினான். அப்புறம் தலைக்கு மேலே உயர்த்தினான். பீரோ அளவு. மாடியில் இருக்கிற அதே பீரோ. எங்கேயோ ஒரு சுவருக்கு அது பொருந்துமா என்று பார்க்கிறான்.

அவள் திரும்பி நடந்தாள்.

நாய்க்குட்டி ஆறடி பின்னாடி, தோள் உயரத்தில் வந்தது. நின்றால் நின்றது. திரும்பினால் சுற்றி வந்து மறுபடியும் முதுகுக்குப் பின்னால் போயிற்று. லாரி மேடையில் ஏறி உட்கார்ந்தாள். அது போகவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டே சுற்றி வந்து, முகத்துக்கு எதிரே அந்தரத்தில் நின்றது.

அவ்வளவு நேரம் யாரும் அவளை அப்படி உட்கார்ந்து பார்த்து ரொம்ப வருஷம் ஆயிற்று. அதனிடம் அவள் கொஞ்சம் பேசினாள். நாயிடம் பேசுகிறோம், செடியிடம் பேசுகிறோம், இதிலென்ன? பன்னிரண்டு நிமிஷத்தில் அதற்கும் பேட்டரி தீர்ந்தது. கையை நீட்டினாள். வந்து உட்கார்ந்தது. வயிற்றுப்பக்கம் சூடாக இருந்தது.

*

டீச்சர் பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போது மணி ஐந்தரை. விடைத்தாள் கட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, செருப்பைக் கூடக் கழற்றாமல் ஆபீஸ் அறைக்குள் எட்டிப் பார்த்தாள். எந்தப் பிள்ளை பாஸ் என்று கேட்டாள். இனிமேல்தான் தெரியும் என்று தம்பி நாற்காலியை இழுத்துப் போட்டான். மூன்று பேரும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்தார்கள்.

எருமை எடுத்த படத்துக்கு டீச்சர் சபாஷ் போட்டாள். கூரைத்தகட்டின் துரு கூடத் துல்லியம். தம்பி கட்டத்தில் 'மிக நன்று' என்று எழுதினான்.

அடுத்தது சிட்டு. பாதிக் கட்டடம் தெரிந்தது. அப்புறம் கால்வாசி. அப்புறம் முழுக்கத் தரை. நாலு நிமிஷம் வரைக்கும் விரிசலும் புல்லும், விரிசலும் புல்லும்.

"அண்ணி, அவங்க தொழிற்சாலையை விக்கணுமா, புல்லை விக்கணுமா?" என்றாள் டீச்சர்.

அக்காவுக்கே சிரிப்பு வந்தது. ஓட்டின இருபத்திரண்டு நிமிஷமும் திரை கையில்தான் இருந்தது. ஒரு தரம் கூடக் குனிந்து பார்க்கத் தோன்றவில்லை. ஒன்பது வருஷத்துப் பழக்கம், கழுத்து மேலேயே நின்றுவிட்டது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"கண்ணுல இருக்கு."

தூரத்தில் தகடு தட்டும் ஓசை. மறுபடியும்: "கண்ணுல இருக்கு."

அக்காவின் சிரிப்பு நின்றது. ஒன்பது வருஷமாக அவர்கள் எடுத்ததெல்லாம் ஊமைப் படம். ட்ரோனுக்குக் காது கிடையாது. தம்பிதான் கடைசியில் இசையைச் சேர்ப்பான். குரல் எப்படி வந்தது?

போன் வழியாகச் சத்தத்தையும் பதிவு செய்கிற வசதி இதில் இருக்கிறது என்றான் தம்பி. ஓட்டும்போது அவளுக்குத் தோன்றுவதைச் சொல்லட்டும், கட்டத்தில் எழுத உதவும் என்று அதைத் தட்டிவிட்டானாம். முதல் தரம் சொல்ல மறந்துவிட்டதாம், இரண்டாம் தரம் வாயெடுத்தபோது போன் வந்துவிட்டதாம். சிட்டிலேயும் வைத்தேன், நாய்க்குட்டியிலேயும் வைத்தேன் என்றான், ஏதோ சாதனை மாதிரி.

மூன்றாவதைப் பார்க்க வேண்டாம் என்றாள் அக்கா. வெயில் முகத்தில் அடிக்கிறது, படம் நன்றாக வந்திருக்காது என்றாள். பார்க்காமலே அது எப்படித் தெரியும் என்று தம்பி கேட்டான். கட்டத்தை முடிக்க வேண்டாமா என்று தட்டிவிட்டான்.

திரையில் ஒரு பெண்ணின் முதுகு. வலது தோள் கொஞ்சம் இறங்கியிருந்தது. உச்சந்தலையில் முடி மெலிந்து தோல் தெரிந்தது. ஆளில்லாத அவ்வளவு பெரிய முற்றத்தில் யாரோ நடந்துகொண்டிருந்தாள். தன் முதுகை அக்கா அதுவரை பார்த்ததில்லை. யாரோ ஒருத்தி என்றால் ஐயோ பாவம் என்றிருப்பாள்.

அவள் மேடையில் உட்கார்ந்தாள். படம் சுற்றிக்கொண்டு முகத்துக்கு வந்தது. குரல் மிகத் தெளிவாக இருந்தது.

"உனக்குப் பேச்சு வராதுல்ல. நல்லதாப் போச்சு. பழையவன் ஏரியில விழுந்தது காத்தால இல்ல. நான் கண்ணை எடுத்தேன். ரெண்டு பேருக்குத் தாராளம்னு அவன் போன்ல வந்துச்சு, படிச்சேன். ஒண்ணாம் தேதி போறாங்க. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உன்னை எதுக்கு வாங்கறான்னு தெரியுமா? நான் தனியா இருக்கறதுக்கு."

அப்புறம் கொஞ்ச நேரம் விசிறிச் சத்தம் மட்டும்.

"வெளிய பீரோவுக்கு அளவு சொல்லிக்கிட்டிருக்கான் பாரு. அந்தப் பீரோ படியில இறங்காது. நாங்க ஏத்தும்போதே படிக்கட்டுக் கைப்பிடியை அறுத்துத்தான் ஏத்தினோம்."

தம்பி கை நீட்டி நிறுத்தினான். திரையில் அக்காவின் முகம், வாய் பாதி திறந்தபடி உறைந்து நின்றது.

முதலில் பேசியது டீச்சர்.

"உங்ககிட்ட சொல்லியாச்சுன்னாரே அண்ணி. ரெண்டு மாசம் முன்னாடியே. 'சந்தோஷமாப் போயிட்டு வாங்க, என்னைப் பத்திக் கவலைப்படாதீங்க'ன்னு நீங்க சொன்னதா வந்து சொன்னாரு."

"நான் அப்படியெல்லாம் பேசற ஆளா?"

"அதான் எனக்கும் உதைச்சுது" என்றாள் டீச்சர் மெதுவாக.

பிறகு எல்லாம் வெளியே வந்தது. வேறு ஊரில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாக அவளைப் போட்டிருக்கிறார்கள். பதினோரு வருஷம் காத்திருந்து வந்த பதவி. ஒண்ணாம் தேதி சேர வேண்டும். அண்ணியிடம் தானே நேரில் சொல்கிறேன் என்று அவள் கேட்டிருக்கிறாள். வேண்டாம், நான் பக்குவமாகச் சொல்லிக்கொள்கிறேன் என்று தம்பி தடுத்துவிட்டான். அப்புறம் சொல்லிவிட்டதாகவும் சொல்லிவிட்டான். அன்றையிலிருந்து அக்கா அதைப் பற்றி மூச்சே விடாததைப் பார்த்து, அண்ணிக்கு மனசில் வருத்தம், வெளியே காட்டிக்கொள்ளவில்லை என்று டீச்சர் நினைத்திருக்கிறாள். அதனாலேயே அவளும் பேச்சை எடுக்கவில்லை.

தம்பி இடித்த புளி மாதிரி உட்கார்ந்திருந்தான். எத்தனையோ தரம் சொல்ல வந்ததாகச் சொன்னான். ஒவ்வொரு தரமும் அக்கா ஏதாவது வேலையாக இருந்தாளாம். முதலில் அவள் தனியாகத் தொழில் செய்ய ஒரு வழி பண்ணிவிட்டு, அந்தத் தைரியத்தோடு சொல்லலாம் என்று இருந்தானாம். கொஞ்சம் பூசி மெழுகினான். பிறகு அதையும் விட்டுவிட்டான்.

டீச்சர் எழுந்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. வகுப்பில் கடைசி பெஞ்சுக்குச் சொல்வது போல ஒவ்வொரு வார்த்தையாக வரும்.

"ஒண்ணாம் தேதி நான் போறேன். அது முடிஞ்சு போன விஷயம். நீங்க வரீங்களா, இங்கயே இருக்கீங்களா, ரெண்டுல எதுவானாலும் எனக்குச் சம்மதம். ஆனா உங்க வாயால சொல்லுங்க. இன்னொருத்தங்க சொன்ன மாதிரி வேண்டாம்."

விடைத்தாள் கட்டை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனாள். இப்போதும் செருப்பைக் கழற்றவில்லை.

*

சரியாக ஏழு மணிக்குக் கடைக்காரர் கூப்பிட்டார். போன் அக்காவின் வேலை. அவள்தான் எடுத்தாள்.

பெரியதையே வைத்துக்கொள்கிறோம் என்றாள்.

அவருக்கு ஆச்சரியம். நாய்க்குட்டியைத்தான் எடுப்பீர்கள் என்று தம்பி சொன்னாரே என்றார். பின்னாடியே வருவது நம் தொழிலுக்கு ஆகாது, என் முதுகை யார் விலைக்கு வாங்குவார்கள் என்றாள் அக்கா. சின்னது காற்றில் நடுங்குகிறது, கூரை வேலைக்குத் தாங்காது என்றாள். அவர் சிரித்தார். பெரியது எமகாதக மெஷின், ஒரு ஆளால் மேய்க்க முடியாது என்று மறுபடியும் ஒரு தரம் எச்சரித்தார். பிறகு அவரே, "நீங்கதான் ரெண்டு பேர் இருக்கீங்களே, என்ன கவலை" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அக்கா போனை மேஜைமேல் வைத்தாள். தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் ஏதோ ஒரு நிம்மதி படர்வதைக் கண்டதும் அவளுக்குத் திக்கென்றது.

"அப்போ நான் போக வேண்டாங்கறே" என்றான்.

"நான் ட்ரோன் வாங்கினேன். உன்னை வாங்கலை."

"அதுக்கு ரெண்டு பேர் வேணும்கா."

"தெரியும்."

"யாரு வருவா?"

"தெரியலை."

உண்மையாகவே தெரியவில்லை. தெருவில் இருக்கிறவர்களை ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தாள். எல்லாருக்கும் அவள் அக்கா. அரை மணி நேரம் பக்கத்தில் வந்து நில் என்று கேட்கும்படியாக அதில் ஒருத்தர் கூட இல்லை. ஆனாலும் நல்ல படம் எடுக்கிற ட்ரோன் எது என்று அவளுக்குத் தெரியும். தான் தனியாகிப் போனதற்காகத் தொழிலையும் சின்னதாக்கிக்கொள்ள அவளுக்கு மனசில்லை.

மற்ற இரண்டையும் பெட்டியில் போட ஆரம்பித்தாள். விசிறிகளை ஒவ்வொன்றாக மடக்கினாள். தம்பி எழுந்து வந்து மேஜைக்கு எதிரே நின்றான். சின்ன வயசில் கண்ணாடி டம்ளரை உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அதே நிற்பு.

"நீ சொல்லுக்கா. போகவா, இருக்கவா? நீ என்ன சொல்றியோ, அப்படியே செய்யறேன்."

ஒரு வார்த்தை போதும். அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது. சொல்லிவிட்டால் நாளைக் காலையில் அவன் வேனில் வந்து பக்கத்தில் உட்காருவான். நாளை மறுநாளும் உட்காருவான். மாடியில் விளக்கு எரியும். மழைக்கு முன்னால் யாராவது ஓடிப்போய் ஜன்னலைச் சாத்துவார்கள். இன்னொரு ஊரில் ஒரு தலைமை ஆசிரியை, இரண்டு பேருக்குத் தாராளமான வீட்டில் தனியாகச் சாப்பிட்டுப் படுப்பாள்.

அக்கா பெட்டியின் மூடியை அழுத்தினாள். அது சரியாக மூடவில்லை.

"என்கிட்ட கேக்காதே" என்றாள். "கேட்டா, போகாதேன்னுதான் சொல்லுவேன். அதை அப்படியே வாங்கிக்கிட்டுப் போய் அவகிட்ட என் பேரைச் சொல்லுவே. ஏற்கெனவே ஒரு தரம் என் பேர்ல சொல்லியாச்சு. போதும்."

அவன் வழுக்கையைத் தடவிக்கொண்டான். பிறகு வாசல் நிலையில் ஒரு கையை வைத்தான், எடுத்தான், படியேறப் போனான்.

மாடிக்குப் பதினெட்டுப் படி. காலடிச் சத்தம் ஒவ்வொன்றாகக் கேட்டது. எட்டு. ஒன்பது. பத்து.

அதற்கப்புறம் கேட்கவில்லை.

மாடிக் கதவு திறக்கிற சத்தம் வரவில்லை. அவன் இறங்குகிற சத்தமும் வரவில்லை. அக்கா பெட்டியின் மூடியை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்தபடி நின்றாள்.